தாது வருடப் பஞ்சமும் உடலின் நினைவும்: சேதுச்சீமையை முன்வைத்து ஒரு மேல்மரபியல் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் தமிழர் உடலில் மரபுவழித் தடமாகப் பதிந்துவிட்டது என்றும், இன்றைய நீரிழிவு மிகுதிக்கு அத்தடமே காரணம் என்றும் ஒரு கருத்து அண்மை ஆண்டுகளில் பரவிவருகிறது. சூழல், மரபணுவின் எழுத்தை மாற்றாமல் அதன் செயலை மாற்றும் முறையை ஆராயும் மேல்மரபியல் இக்கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அக்கூற்றை இராமநாதபுரம் சேதுச்சீமையின் பஞ்ச வரலாற்றோடும், நெதர்லாந்து, காம்பியா, மைசூர், புனே, டெல்லி ஆகிய இடங்களின் ஆய்வு முடிவுகளோடும் வைத்து இக்கட்டுரை பரிசீலிக்கிறது. கருவறைக் காலத்துப் பட்டினி ஒருவரின் வாழ்நாள் முழுதும் தடம் விடுகிறது என்பதற்குச் சான்று வலுவானது. அத்தடம் ஐந்தாறு தலைமுறைகளைத் தாண்டி வருகிறது என்பதற்கு அத்தகைய சான்று இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவது வரலாற்றுக்கும் பொதுநலக் கொள்கைக்கும் தீங்கானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: தாது வருடப் பஞ்சம், சேதுச்சீமை, நயினார்கோவில், மேல்மரபியல், மெத்திலேற்றம், பிறப்பெடை, நீரிழிவு.

முன்னுரை

பரமக்குடி வட்டத்தில் வைகையின் கடைமடைப் பகுதியில் அமைந்த ஊர் நயினார்கோவில். நாகநாதர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர் சேதுபதிகளின் ஆட்சிக்குட்பட்ட சீமையைச் சேர்ந்தது. இப்பகுதியின் வேளாண்மை கண்மாய்களை நம்பியது. கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையையும், மேலே மதுரைப் பக்கத்தில் யாரும் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சி வரும் வைகை நீரையும் நம்பியவை. மழை பொய்த்த ஆண்டில் ஒரு கண்மாய் நிரம்பாவிட்டால் அதன் கீழுள்ள கண்மாயும் நிரம்பாது. இங்கே பஞ்சம் திடீரென வந்து போகும் விருந்தாளியாக இருந்ததில்லை. ஆண்டுக் கணக்கின் ஒரு பகுதியாகவே இருந்துவந்துள்ளது. இச்செய்தி பின்வரும் வாதத்துக்கு அடிப்படையானது.

தமிழ் மக்கள் நினைவில் ஆழப் பதிந்த பஞ்சம் தாது வருடப் பஞ்சம். தாது ஆண்டு 1876 ஏப்ரலில் தொடங்கியது. அடுத்த ஈசுவர ஆண்டிலும் துயர் தொடர்ந்தது. கும்மிப் பாடல்களாகவும் கதைகளாகவும் அது வாய்மொழியில் நிலைத்தது. நயினார்கோவிலுக்கு மேற்கேயுள்ள சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளை அப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டு ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என்னும் எள்ளல் நூலை இயற்றினார். இலக்கியம் பஞ்சத்தை நினைவில் வைத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. உடலும் அதை நினைவில் வைத்திருக்கிறதா என்பதே இப்போது எழுப்பப்படும் வினா. சித்த மருத்துவம் உடலின் ஏழு கட்டுகளையும் தாது என்றே அழைக்கிறது. ஆண்டின் பெயரோடு இது ஒத்திருப்பது தற்செயல். அதன்மேல் வாதம் எதையும் கட்ட வேண்டியதில்லை. ஆயினும் மேடைப் பேச்சாளர்கள் இவ்வொப்புமையை விடமாட்டார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

ஓர் இராத்தல் அரிசி

1876இல் இரு பருவமழைகளும் பொய்த்தன. சென்னை மாகாணத்தில் பல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர் முதலிய மாவட்டங்கள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. மதுரை மாவட்டமும் பாதிப்புக்குள்ளானது. இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல்தான். பஞ்சக் காலத்தில் அது மதுரை மாவட்டத்துள் அடங்கிய ஜமீன். இரண்டாம் முத்துராமலிங்க சேதுபதி 1873இல் மறைந்தபின் பாஸ்கர சேதுபதி பொறுப்பேற்ற 1889 வரை, ஜமீன் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்னும் அரசு நிர்வாகத்தின்கீழ் இருந்தது. பஞ்சம் வந்தபோது சீமைக்குச் சேதுபதி இல்லை, கலெக்டரே இருந்தார்.

1877 சனவரியில் இந்திய அரசு சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பியது. 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்து உயிர்ச்சேதத்தைப் பெருமளவு தடுத்தவர் இவர்தாம். அதற்காகவே வீண்செலவாளி என்று பழிக்கப்பட்டவரும் இவர்தாம். அப்பழியைத் துடைக்கும் முனைப்போடு சென்னைக்கு வந்தார் என்று கருத இடமுண்டு. நிவாரண வேலையில் ஈடுபடும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் வரையறுத்தார். பெண்ணுக்கும் வேலை செய்யும் சிறுவருக்கும் அதனினும் சற்றுக் குறைவு. ஓர் இராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். அவ்வளவு அரிசி தருவது சுமார் 1600 கலோரி. மண் சுமப்பவருக்கும் கல் உடைப்பவருக்கும் அது வகுக்கப்பட்டது.

மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதை எதிர்த்தார். ஒன்றரை இராத்தல் தானியம் குறைந்த அளவு என்றும், அதனோடு காய்கறியும் புரதமும் சேர வேண்டும் என்றும் வாதிட்டார். தானியத்தை மட்டும் அளந்து உடலை நிறுத்திவிடலாம் என்ற கணக்கை அவர் ஏற்கவில்லை. 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி வழி இறங்கிவந்தது. ஒன்றேகால் இராத்தல் தானியமும் ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் என்பது புதிய அளவு. அந்த ஒன்றரை அவுன்ஸ் பருப்பை இக்கட்டுரை பின்னர் நினைவுகூரும்.

பஞ்சத்தின் உயிர்ச்சேதம் குறித்து அறிஞர் தரும் மதிப்பீடுகள் 55 லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் இடைப்பட்டவை. 1871 கணக்கெடுப்பில் 3 கோடியே 12 லட்சமாக இருந்த சென்னை மாகாண மக்கள்தொகை 1881இல் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்தது. பத்தாண்டு இயல்பான வளர்ச்சி முழுவதையும் விழுங்கி, அதற்கு மேலும் பஞ்சம் எடுத்துக்கொண்டது. டெம்பிள் ஊதியத்தின் கொடுமையை நிறுவ இவ்வெண்களே போதும். மரபணுவைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. இறந்தோரின் எண்ணிக்கை சான்றாக நிற்கும் வழக்கில், ஐயத்துக்கிடமான உயிரியல் சான்றைக் கொண்டுவந்து சேர்ப்பது வழக்கை வலுவிழக்கச் செய்யும்.

மெய்யெழுத்தும் புள்ளியும்

‘எபிஜெனிடிக்ஸ்’ என்ற சொல்லைத் தமிழில் மேல்மரபியல் என்று வழங்குகிறோம். 1942இல் இச்சொல்லைப் புதுப்பொருளில் ஆண்டவர் ஆங்கிலேய உயிரியலாளர் வாடிங்டன். ஒரே கருமுட்டையிலிருந்து கல்லீரலும் கண்ணும் எவ்வாறு வேறுவேறாக உருவாகின்றன என்பதே அவரது வினா. பஞ்சமோ பரம்பரையோ அவர் முதற்பொருளாக எடுத்தவை அல்ல. எல்லா உயிரணுக்களிலும் மரபணுத் தொகுதி ஒன்றே. எந்த மரபணு எங்கே பேச வேண்டும், எங்கே வாய்மூட வேண்டும் என்பதை வேறேதோ தீர்மானிக்கிறது. 1975இல் ஹாலிடே, பியூ ஆகிய இருவரும், அவர்களைச் சாராமல் ரிக்ஸும் அந்த வேறேதோ ஒன்றுக்கு ஒரு வேதியியல் விளக்கத்தை முன்வைத்தனர். டி.என்.ஏ.வின் சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல் மெத்தில் என்னும் சிறு தொகுதி ஒட்டிக்கொள்கிறது. பொதுவாக, ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இது மிகுந்தால் அம்மரபணு அடங்கிப்போகிறது.

தமிழ் படித்தவருக்கு இதனை விளக்க வெளியிலிருந்து உவமை தேட வேண்டியதில்லை. ககரத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் அது க் ஆகிறது. எழுத்தின் வடிவம் மாறவில்லை. உள்ளிருந்த அகரம் அடங்கிவிட்டது. மெத்தில் குறி அத்தகைய ஒரு புள்ளி. டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் ஒட்டும் குறிகள், மரபணுக்களை அடக்கியும் எழுப்பியும் வைக்கும் சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் ஆகியனவும் இவ்வமைப்பின் பகுதிகள். உவமையை இன்னும் ஒரு படி நீட்டலாம். ஓலைச்சுவடி எழுதியோர் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். ஆகவே பாடம் படியெடுக்கப்பட்டபோது எழுத்து நிலைத்தது, புள்ளி நிலைக்கவில்லை. படிப்பவர் இடம் நோக்கிப் புள்ளியைத் தாமே வைத்துக்கொண்டார். பாலூட்டிகளின் இனப்பெருக்கத்திலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. கருவுற்ற சில நாள்களிலும், பின்னர் அக்கருவுக்குள் முட்டை அல்லது விந்தாக வேண்டிய உயிரணுக்கள் உருவாகும்போதும் மெத்தில் குறிகளுள் பெரும்பாலானவை துடைக்கப்பட்டு, புதிதாக இடப்படுகின்றன. துடைப்பிலிருந்து தப்பும் இடங்கள் சில உண்டு என்று எலிகளில் காட்டப்பட்டுள்ளது. பரம்பரை நினைவு பற்றிய பேச்சு முழுவதும் அச்சிலவற்றையே நம்பியிருக்கிறது.

இக்குறிகள் சூழலால் மாறுவது ஏன் என்பதற்கு விடை எளிது. மெத்தில் தொகுதி உணவிலிருந்து வருகிறது. ஃபோலேட், வைட்டமின் பி12, கோலின், மெத்தியோனின் ஆகியன அதன் ஊற்றுகள். கீரையும் பருப்பும் பாலும் மீனும் முட்டையும் அவை கிடைக்கும் இடங்கள். 2003இல் வாட்டர்லேண்ட், ஜர்டில் இருவரும் அகூட்டி வகை எலிகளின் தாய்களுக்கு இச்சத்துகளைக் கூட்டிக் கொடுத்தனர். குட்டிகளின் மரபணு மாறாமலே மயிர் நிறம் மஞ்சளிலிருந்து பழுப்பை நோக்கி மாறியது. கார்னிஷ் போராடிப் பெற்ற ஒன்றரை அவுன்ஸ் பருப்பில் ஃபோலேட் இருந்தது. அவர் அதை அறிந்து கேட்கவில்லை. வைட்டமின் என்ற சொல்லே அப்போது இல்லை. பட்டினி கிடந்த உடல்களைப் பார்த்த மருத்துவர் ஒருவரின் கண் அது. அதற்கு மேல் அவருக்கு அறிவியல் முன்னோடிப் பட்டம் சூட்டுவது மிகை.

அளக்கப்பட்ட பட்டினிகள்

மனிதரில் இதனை நிறுவ, தொடக்கமும் முடிவும் தெளிவாக உள்ள ஒரு பட்டினி வேண்டும். யார் எப்போது கருவிலிருந்தார் என்ற பதிவும் வேண்டும். இரண்டாம் உலகப்போரின் இறுதியில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி அத்தகைய துயரத்துக்கு ஆளானது. 1944 நவம்பர் முதல் 1945 மே வரை ஜெர்மானியப் படைகளின் தடையால் உணவுப் பங்கீடு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே விழுந்தது. விடுதலையோடு பட்டினி முடிந்தது. பங்கீட்டு அளவும் மருத்துவமனைப் பிறப்புப் பதிவும் எஞ்சின. 2008இல் ஹெய்மன்ஸும் அவர்தம் குழுவினரும், அப்பட்டினியில் கருவுற்றுப் பிறந்த 60 பேரை அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டனர். கரு வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணுவில் மெத்தில் குறிகள் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் குறைந்திருந்தன. கருப்பத்தின் கடைசி மாதங்களில் மட்டும் பட்டினியைச் சந்தித்தோரிடம் அவ்வேறுபாடு இல்லை. கருவுறும் வேளையே முதன்மையானது என்பது இதன் பொருள்.

நெதர்லாந்தைவிடச் சேதுச்சீமைக்கு நெருக்கமான சான்று மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவிலிருந்து வருகிறது. அங்கும் மானாவாரி வேளாண்மை. ஆண்டு முழுவதும் மழைக்காலம், வறண்ட காலம் என்று இரண்டாகப் பிளவுபட்டது. களஞ்சியம் வற்றி வேலை மிகும் மழைக்காலமே அங்கே பசிக்காலம். கெனெபா முதலிய சிற்றூர்களில் மேற்கொள்ளப்பட்டு 2010, 2014ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், எந்தப் பருவத்தில் கருவுற்றது என்பதைப் பொறுத்துக் குழந்தைகளின் மெத்தில் குறிகள் வேறுபட்டதைக் காட்டின. ஆனால் வியப்பான ஒன்று உண்டு. பசிக்காலமான மழைக்காலத்தில் கருவுற்றோரிடமே குறிகள் மிகுந்திருந்தன. கலோரிக் குறைவும் மெத்தில் ஊற்றுகளின் குறைவும் ஒன்றல்ல என்பதை இது உணர்த்துகிறது. பசி என்ற ஒரே சொல்லுக்குள் உடல் வேறுவேறு செய்திகளைக் கேட்கிறது. பஞ்சம் என்றவுடன் ஒரே வகையான தடம் என்று முடிவுகட்டுவோர் இம்முடிவைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

நயினார்கோவில் பகுதியிலும் ஆண்டு இவ்வாறு பிளவுபட்டதே. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் புழுதியில் விதைத்து, தையில் அறுத்து, கோடையில் பனையையும் கரிமூட்டத்தையும் வெளியூர்க் கூலியையும் நம்பிய வாழ்வு அது. எந்த மாதத்தில் கருவுற்றது என்பது இங்கும் பொருளற்ற செய்தியாக இருந்திருக்க முடியாது.

மைசூர்ப் பதிவேடுகள்

இந்தியச் சான்றுகளின் தொடக்கம் ஒரு மருத்துவமனையின் பழைய தாள்களில் உள்ளது. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனைச் செவிலியர் 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடையையும் நீளத்தையும் எழுதிவைத்தனர். ஆய்வுக்காக எழுதியவை அல்ல அவை. ஒழுங்கான வேலையின் ஒரு பகுதி. இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர், குறைந்த பிறப்பெடைக்கும் நடுவயது இதயநோய்க்கும் உள்ள தொடர்பை முன்வைத்தபின், கரோலின் ஃபால் முதலியோர் மைசூர்த் தாள்களைத் தேடிவந்தனர். 1996இல் வெளியான முடிவின்படி, 2.5 கிலோவுக்கு மேற்படாத எடையில் பிறந்தோரில் 11% பேருக்கு இதயநாள நோய் இருந்தது, 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தோரில் அது 3% மட்டுமே.

நீரிழிவு இதே வழியில் செல்லவில்லை. 1998இல் வெளியான அடுத்த ஆய்வில், நீளம் குறைந்து அதற்கு எடை மிகுந்து பிறந்தோரிடமும், எடை மிகுந்த தாய்மாரின் மக்களிடமும் நீரிழிவு கூடுதலாகக் காணப்பட்டது. டெல்லியில் பிறந்தோரைத் தொடர்ந்து அளந்த ஆய்வு 2004இல் வேறொரு பகுதியை வெளிக்கொணர்ந்தது: கைக்குழந்தையாக மெலிந்திருந்து, இரண்டு வயதுக்குப் பின் ஒத்த வயதினரைவிட விரைவாக உடல் பருத்தோரே நீரிழிவுக்கு மிகுதியாக ஆளாயினர். புனேயைச் சூழ்ந்த ஆறு சிற்றூர்களில் சித்தரஞ்சன் யாஜ்னிக் நடத்திய ஆய்வில், பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்பும் சிறுத்திருந்தாலும் தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. ‘மெலிந்த பருமன்’ குழந்தை என்று அவர் அதனை அழைத்தார். அத்தாய்மாருள் ஃபோலேட் மிகுந்தும் பி12 குறைந்தும் இருந்தோரின் பிள்ளைகளிடம் ஆறாம் வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு காணப்பட்டது.

இம்முடிவுகள் அனைத்தும் ஒரு தாயையும் அவள் பிள்ளையையும் பற்றியவை. கருவில் குறைவு, பின்னர் மிகுதி என்ற முரண் உடலை வருத்துகிறது என்பதே அவற்றின் பொதுச்செய்தி. கேல்ஸும் பார்க்கரும் 1992இல் ‘சிக்கன உடலமைப்பு’ என்று இதற்கு விளக்கம் தந்தனர். இதற்கு முப்பதாண்டு முன் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியலாளர் ‘சிக்கன மரபணு’ என்ற கருதுகோளை வைத்திருந்தார்: பஞ்சங்கள் கொழுப்பைச் சேமிக்கும் மரபணு உடையோரை மட்டும் உயிரோடு விட்டன என்பது அது. சமூக ஊடகங்களில் இன்று உலவும் பஞ்சக் கதை நீலின் கருதுகோளையும், பார்க்கரின் கருதுகோளையும், மேல்மரபியலையும் ஒரே பானையில் இட்டுக் கிளறிய கூழாக இருக்கிறது. முதலாவது எழுத்து மாற்றத்தைப் பேசுகிறது. இரண்டாவது ஒருவரின் கருவறையைப் பேசுகிறது. மூன்றாவது புள்ளிகளைப் பேசுகிறது. மூன்றும் ஒன்றையொன்று மெய்ப்பிப்பதில்லை.

தலைமுறைக் கணக்கு

1877இல் கருவுற்றிருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பட்டினி அவளைத் தொட்டது. அவள் வயிற்றிலிருந்த கருவைத் தொட்டது. அக்கரு பெண்ணாயின், அதனுள் உருவாகிக்கொண்டிருந்த கருமுட்டைகளையும் தொட்டது. ஓர் உடலுக்குள் மூன்று தலைமுறை. ஆகவே அவள் பேரப்பிள்ளைகள் வரை, அதாவது ஏறத்தாழ 1900ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தோர் வரை, நேரடித் தாக்கம் என்றே கொள்ள வேண்டும். பரம்பரையாக வந்த தடம் என்று சொல்லத் தகுவது கொள்ளுப்பேரர் காலத்தில்தான் தொடங்குகிறது. இன்று மருத்துவமனை வரிசையில் நிற்கும் நாற்பது வயதினர் அவளுக்கு ஐந்தாம் அல்லது ஆறாம் தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் குறிகள் இருமுறை துடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பல தலைமுறைத் தாக்கத்துக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது வட சுவீடனின் ஓவர்காலிக்ஸ் ஊர் ஆய்வு. 2002இல் வெளியான அதன் முடிவில், தந்தைவழிப் பாட்டன் பருவமடைவதற்கு முந்தைய ஆண்டுகளில் மிகுதியாக உண்டிருந்தால் பேரப்பிள்ளை நீரிழிவால் இறக்கும் வாய்ப்பு கூடியது. தீங்கு செய்தது பஞ்சம் அன்று, நல்ல விளைச்சல். நம் பஞ்சக் கதைக்கு இது நேர்மாறானது என்பதை அதனை மேற்கோள் காட்டுவோர் சொல்வதில்லை. அவ்வாய்வின் ஆட்தொகை சில நூறு மட்டுமே. பின்னர் உப்சாலா ஆவணங்களைக் கொண்டு வாகெரோ குழுவினர் 2018இல் பெரிய அளவில் மீண்டும் சோதித்தபோது, பேரன்மாரின் புற்றுநோய் இறப்பில் தொடர்பு தெரிந்தது, நீரிழிவில் தெரியவில்லை.

பஞ்சத்தின் மக்கள்தொகையியலும் எச்சரிக்கிறது. கடும்பட்டினியில் கருத்தரிப்பே குறைகிறது. சென்னை மாகாணப் பஞ்சம் உட்பட இந்தியப் பஞ்சங்களில் பிறப்பு வீதம் சரிந்ததை டிம் டைசன் 1991இல் விரிவாகக் காட்டியுள்ளார். பிறந்த குழந்தைகளுள்ளும் மடிந்தோர் மிகப் பலர். எனவே 1877இல் கருவிலிருந்து, பிழைத்து, வளர்ந்து, வழித்தோன்றல்களை விட்டோர் மக்கள்தொகையில் சிறு பகுதியே. ஒரு முழு இனத்தின் நோயை அச்சிறு வாயில் வழியே கொண்டுவர இயலாது.

நாட்டின் நிலவரையும் இக்கதைக்கு ஒத்துழைக்கவில்லை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி நீரிழிவு தமிழ்நாட்டில் 14.4%, கேரளத்தில் 25.5%. கேரளம் 1876–78 பஞ்சத்தின் மையப் பரப்புக்கு வெளியே இருந்தது. அப்பஞ்சத்தில் மிகக் கொடிய இழப்பைச் சந்தித்த பல்லாரி, கர்நூல், கடப்பை ஆகியவற்றைத் தம்முள் கொண்ட கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் அளவு தமிழ்நாட்டைவிடவும் குறைவு. மாநிலச் சராசரி நகர்மயத்தையும் வயது அமைப்பையும் உள்ளடக்கியது என்பதால் இவ்வொப்பீட்டைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஆனால் பஞ்சமே முதற்காரணம் என்று சொல்வோர் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

கடல் கடந்தோர்

தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் ஆகிய சேதுச்சீமைத் துறைகளிலிருந்து மன்னார்க் கரைக்குச் சென்று, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களை அடைந்த கூலிகளின் வரலாறு நன்கு அறியப்பட்டது. பஞ்ச ஆண்டுகளில் அவ்வோட்டம் பெருகியது. அவர்களின் வழித்தோன்றல்களே இன்றைய மலையகத் தமிழருள் பெரும்பகுதியினர். ஒரே சீமையில் ஒரே பஞ்சத்தைக் கண்டோரின் மரபு இரு நாடுகளில் பிரிந்து வளர்ந்திருப்பதால், பரம்பரைத் தடம் பற்றிய வாதத்துக்கு இது இயல்பான ஓர் உரைகல்.

2016ஆம் ஆண்டின் இலங்கை மக்கள்தொகை, உடல்நல அளவாய்வில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17%. தோட்டப் புறங்களில் ஏறத்தாழ 32%. இதைப் பஞ்சத்தின் பரம்பரை நினைவு என்று எழுதுவது எளிது. ஆனால் லயன் அறைகள் இன்னும் உள்ளன. கொழுந்துக் கூடையோடு நாள் முழுவதும் மலைச்சரிவில் நிற்கும் தாய் இன்னும் உள்ளார். அவளுடைய கூலியும், கருப்பக் கால உணவும், ஓய்வின்மையும் குழந்தையின் உயரத்தை விளக்கப் போதுமானவை. நூற்றைம்பது ஆண்டு முந்தைய ஒரு குறியை இடையில் புகுத்தினால், இன்றைய தோட்ட நிருவாகமும் அரசும் பொறுப்பிலிருந்து நழுவிவிடும். குறைவு ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக உண்டாக்கப்பட்டால், அது பரம்பரைச் சொத்தைப்போலவே தோற்றமளிக்கும். புள்ளி துடைக்கப்படுகிறது, அதே வறுமை அதே இடத்தில் அதை மீண்டும் இடுகிறது.

நயினார்கோவில் பகுதிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 1876 பஞ்சத்தின் பின் பெரியாற்று அணைத் திட்டம் உயிர்பெற்று 1895இல் நிறைவேறியது. பெரியாற்று நீரை வைகைக்குத் திருப்பும் எண்ணம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளையால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே முன்வைக்கப்பட்டது. திட்டம் நிறைவேறியபோது அதன் பயன் முதன்மையாக மதுரை, மேலூர்ப் பக்கங்களுக்குச் சென்றது. எண்ணிய சீமை கடைமடையாகவே நின்றது. தாது வருடம் முடிந்தபின்னும் இங்கே சிறு வறட்சிகள் முடியவில்லை. ஒரு பெரும்பஞ்சத்தைவிட, மீண்டும் மீண்டும் வரும் இச்சிறு குறைவுகளே தாயின் உடலில் நேரடியாகப் படிந்திருக்கும். அவை நிவாரணக் கணக்கிலோ கும்மிப் பாட்டிலோ இடம்பெறவில்லை.

எடைப் பதிவு

இராமநாதபுரம் 2018இல் நடுவணரசின் முன்னேற விழையும் மாவட்டங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இத்தகு மாவட்டங்கள் இரண்டே, மற்றது விருதுநகர். இம்மாவட்டங்களை அளக்கும் குறியீடுகளுள் 2.5 கிலோவுக்குக் குறைந்த பிறப்பெடை ஒன்று. மைசூரில் செவிலியர் தாளில் எழுதிய அதே எண் இது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் கருப்பிணிகளுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறது. கருப்பம் பதிவான பின்னரே இவ்வுதவி தொடங்குகிறது. மெத்தில் குறிகளுள் முதன்மையானவை இடப்படும் நாள்களோ, தாய் தான் கருவுற்றதை உறுதிசெய்துகொள்வதற்கும் முற்பட்டவை. மும்பையின் குடிசைப் பகுதிகளில், கருவுறுமுன்னரே பெண்களுக்குக் கீரையும் பழமும் பாலும் சேர்ந்த சிற்றுண்டி அளித்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே உண்டோரின் குழந்தைகளுக்கு எடை சற்றுக் கூடியது; மிக மெலிந்த தாய்மாரிடம் அப்பயன் தெரியவில்லை. சிற்றுண்டி ஒன்றால் ஒரு பெண்ணின் இருபதாண்டு மெலிவை ஈடுகட்ட முடியவில்லை. எனவே நூறுநாள் வேலைக்கு வரும் புதுமணப்பெண்ணும், பள்ளி மதிய உணவை உண்ணும் சிறுமியும் மகப்பேற்றுத் திட்டத்தின் எல்லைக்குள் வைத்து எண்ணப்பட வேண்டியவர்கள்.

மைசூர் ஆய்வு நடந்தது, அறுபதாண்டு பழைய தாள்களை யாரோ எரிக்காமல் வைத்திருந்ததால். இராமநாதபுரம் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் தாய்–சேய் பதிவேடுகள் எழுதப்படுகின்றன, கணினியிலும் ஏற்றப்படுகின்றன. கருவுற்ற மாதம், தாயின் எடை, இரத்தச்சோகை அளவு, பிறப்பெடை ஆகிய அனைத்தும் அவற்றில் உள்ளன. 1877இல் இச்சீமையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இவற்றுள் ஒன்றும் எழுதப்படவில்லை. கண்மாய் நிரம்பிய ஆண்டையும் நிரம்பாத ஆண்டையும் பொதுப்பணித்துறைக் கணக்கிலிருந்து எடுத்து, அப்பதிவேடுகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பணியை வரலாற்றாய்வாளரும் மருத்துவரும் சேர்ந்தே செய்ய இயலும். அதற்கு முதற்படி, பழைய பதிவேடுகளைக் கழிவுத்தாளாக எடைக்குப் போடாமல் இருப்பது.